ஒரு குலையின் விலை மாறும்போது

மார்த்தாண்டத்தில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்காக ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். வேலை சிறியதுதான். அன்றன்று வந்திறங்கும் குலைகளின் வகை, தரம், கிலோ விலை, இருப்பு ஆகியவற்றை ஒரே பட்டியலாகக் காட்ட வேண்டும்; கடையில் யாராவது விலையை மாற்றினால், அவரிடம் வாங்கும் சில்லறைக் கடைக்காரர்களின் கைபேசிகளிலும் அது உடனே தெரிய வேண்டும். ஏத்தன், மட்டி, செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டான், பேயன், மொந்தன், சிங்கன், பூங்கதலி என்று வகைகள் நீள, ஒவ்வொன்றையும் தரம் பிரித்து, காய், பழம் என்றும் பிரித்ததில் 48 வரிகள் சேர்ந்தன. முதல் பதிப்பில் நான் வாழைத்தார் என்று எழுதியிருந்ததைப் பார்த்தவர், தார் ரோட்டில் போடுவது, இங்கே இறங்குவது குலை என்று திருத்தினார். நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவன் சில ஆண்டுகள் சென்னையில் வேலை பார்த்ததில் சொந்தச் சொல்லையே மறந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

செயலியைக் கொடுத்த பத்தாம் நாள் அவர் அழைத்தார். விடியற்காலையில் லாரி வந்து நிற்கும் நேரத்தில் நேரில் வந்து பார்க்கச் சொன்னார். போனேன். எடை போடும் இடத்தில் நின்ற பையன் தன் கைபேசியில் ரசகதலியின் விலையை மாற்றினான். இவர் கையில் இருந்த கைபேசியில் பட்டியல் முழுவதும் ஒரு முறை வெளிறி மீண்டது. “ஒரு குலைக்க வெலைய மாத்துனா, பாக்கியெல்லாம் எதுக்கு மக்கா கண்ணச் சிமிட்டிட்டு கெடக்கு?” என்று கேட்டார். அதைவிட மோசமான ஒன்றையும் காட்டினார். அவர் ஏத்தன் வரியில் விலையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது வேறொருவர் வேறொரு விலையை மாற்றினால், இவருடைய விசைப்பலகை மறைந்துவிடுகிறது. பாதி தட்டிய எண்ணும் போய்விடுகிறது. அந்த அவசர நேரத்தில் ஒரே எண்ணை மூன்று முறை தட்ட நேர்ந்தால் எவருக்கும் கோபம் வரும். அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் சுவரில் மாட்டியிருந்த பழைய கரும்பலகையை ஒரு முறை பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

குற்றம் ஒரே வரி நிரலில் இருந்தது. சேவையகத்திலிருந்து எந்த மாற்றம் வந்தாலும், தரவைப் புதுப்பித்துவிட்டு, தரவைப் பட்டியலின் வரிகளாக்கித் தரும் அடாப்டரில் ‘நோட்டிஃபை டேட்டாசெட் சேஞ்ச்டு’ என்பதை அழைத்திருந்தேன். இதை இனி முழு அறிவிப்பு என்று சொல்கிறேன். ஆண்ட்ராய்டு எழுதக் கற்றுக்கொள்ளும் எவரும் முதலில் படிக்கும் அழைப்பு இதுதான்; எப்போதும் வேலை செய்யும் அழைப்பும் இதுதான் என்பதால், பழக்கம் கைவிடாது. தரவில் ஏதோ மாறியிருக்கிறது, என்ன மாறியது என்று எனக்குத் தெரியாது, எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள் என்பதே அதன் பொருள். ஆனால் எனக்குத் தெரியும். ரசகதலி முதல் தரத்தின் விலை மட்டும் மாறியது என்று சேவையகம் தெளிவாகச் சொல்லியிருந்தது. கையில் இருந்த அந்தச் செய்தியை நானே தொலைத்துவிட்டுத்தான் பட்டியலிடம் போய் நின்றிருக்கிறேன்.

முழு அறிவிப்பு 48 வரிகளையும் திரும்ப வரைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள்; அது சரியன்று. திரையில் தெரியும் வரிகள் மட்டுமே நிரப்பப்படுகின்றன. அவருடைய கைபேசியில் ஒரே நேரத்தில் ஒன்பது வரிகள் தெரியும். ஒன்பது வரிகளை நிரப்புவது எந்தக் கைபேசிக்கும் பெரிய சுமையன்று. அப்படியானால் திரை ஏன் வெளிறியது, விசைப்பலகை ஏன் மறைந்தது என்பதைத் தேடிக்கொண்டு ஆண்ட்ராய்டில் பட்டியலைக் காட்டும் கருவியான ரீசைக்ளர்வியூவின் மூலநிரலுக்குள் போனபோதுதான், இவ்வளவு காலம் நான் மேலோட்டமாகவே தெரிந்து வைத்திருந்த ஒரு விஷயம் புரிந்தது.

ரீசைக்ளர்வியூ, திரையை விட்டு நீங்கும் வரிகளைத் தூக்கி எறியாமல் ஒரு குளத்தில் போட்டு வைத்து, தேவைப்படும்போது எடுத்துப் புதிய தரவால் நிரப்பிக்கொள்கிறது. அந்தக் குளத்தின் கொள்ளளவு, நாமாக மாற்றாவிட்டால், ஒவ்வொரு வரி வகைக்கும் 5 மட்டுமே. முழு அறிவிப்பு வந்தவுடன், திரையில் இருக்கும் ஒன்பது வரிகளும் செல்லாதவை என்று குறிக்கப்பட்டு, அடுத்த அடுக்குதலின்போது, அதாவது வரிகளைத் திரையில் இடம்பொருத்தும்போது, ஒட்டுமொத்தமாகக் கழற்றப்படுகின்றன. ஐந்து குளத்துக்குள் போகின்றன. குளம் நிறைந்துவிடுவதால் மீதி நான்கு கைவிடப்படுகின்றன. உடனே ஒன்பது வரிகள் தேவைப்பட, ஐந்து குளத்திலிருந்து வருகின்றன. நான்கு வரிகள் எக்ஸ்எம்எல் அமைப்பைப் படித்துப் புதிதாகவே கட்டப்படுகின்றன. மேலும், குளத்திலிருந்து வரும் வரி, முன்பு எந்த வகைக்கு இருந்ததோ அந்த வகைக்கே திரும்பி வரும் என்பதற்கு உறுதி இல்லை. மட்டியைக் காட்டிய பெட்டி பேயனைக் காட்ட வரலாம். ஆகவே படத்தை முதலில் வெற்றாக்கி, பிறகு ஏற்ற வேண்டியிருக்கிறது. திரை வெளிறியது அதனால்தான். தட்டிக்கொண்டிருந்த எண் பெட்டி, திரையிலிருந்தே ஒரு கணம் கழற்றப்பட்டதால் கவனத்தை, அதாவது தட்டுவதை ஏற்கும் நிலையை, இழந்தது. அதோடு விசைப்பலகையும் போனது. எண்களைப் பார்த்தால் மொத்தம் சில மில்லி விநாடி வேலைதான். ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது திரையை ஒரு முறை வரைவதற்கு, கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி விநாடி. புதிய வரிகளைக் கட்டுவது அதைத் தாண்டிவிட்டால் ஒரு தடுமாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

ஒவ்வொரு உருப்படிக்கும் மாறாத அடையாள எண் உண்டு என்று அடாப்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், முழு அறிவிப்பின்போதும் வரிகள் குளத்துக்குப் போகாமல், அந்த எண்ணைக் கொண்டு அதனதன் இடத்துக்கே திரும்பிப் பொருத்தப்படும். அது நல்ல மருந்து. ஆனால் எல்லாவற்றையும் மறுபடி நிரப்பும் வேலையை அது தடுப்பதில்லை. எனக்கு வேண்டியது அதுவன்று.

ரீசைக்ளர்வியூவுக்கு முன்பிருந்த லிஸ்ட்வியூ காலத்தில் எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. 2010ஆம் ஆண்டு கூகுள் ஐ/ஓ மாநாட்டில் ஆண்ட்ராய்டு குழுவின் ரொமேன் கை, ஆடம் பவல் ஆகிய இருவரும் லிஸ்ட்வியூவைப் பற்றி மட்டுமே பேசிய உரையைப் பார்த்துத்தான், பழைய வரியைத் திரும்பப் பயன்படுத்துவதையும், ஒரு வரியின் உறுப்புகளைத் தேடாமல் கையில் பிடித்து வைக்கும் வியூஹோல்டர் முறையையும் எங்களில் பலர் கற்றுக்கொண்டோம். லிஸ்ட்வியூவில் ஒற்றை உருப்படிக்கான அறிவிப்பே கிடையாது. ஆகவே, திரையில் முதலில் தெரியும் வரியின் இட எண்ணை வாங்கி, மாறிய உருப்படியின் இட எண்ணிலிருந்து அதைக் கழித்து, அந்த வரிசையில் உள்ள குழந்தை வியூவை, அதாவது திரையில் உள்ள அந்த வரியை, எடுத்து, அதை மட்டும் நிரப்புவோம். உருப்படி திரைக்கு வெளியே இருந்தால் வெற்று வரும்; அதைச் சோதிக்க மறந்தால் செயலி விழும். பட்டியலுக்கு மேலே தலைப்பு வரி ஒன்று சேர்த்திருந்தால் கணக்கு ஒன்றால் பிசகி, பக்கத்து வரியில் போய் எழுதும். ரீசைக்ளர்வியூ 2014இல் ஆண்ட்ராய்டின் லாலிபாப் பதிப்போடு வந்தபோது, இந்தக் கணக்கிலிருந்து விடுதலை கிடைத்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அந்தப் பழைய பழக்கத்தில் ஒரு சோம்பேறித்தனமும் ஒளிந்திருந்தது. வரியை நேராகக் கையில் பிடித்துவிட்டால், அதன் எழுத்தை அங்கேயே மாற்றிவிடத் தோன்றும். மாறவும் செய்யும். பட்டியலைக் கீழே தள்ளி மேலே வந்தால், பழைய விலை பழையபடி உட்கார்ந்திருக்கும். ஏனென்றால் மாறியது கண்ணாடி மட்டுமே, அதற்குப் பின்னால் இருக்கும் தரவு மாறவில்லை. எனவே தரவை முதலில் மாற்ற வேண்டும், பிறகே அறிவிக்க வேண்டும். இந்த வரிசை எந்தக் காரணத்துக்காகவும் தலைகீழாகக் கூடாது.

முழு அறிவிப்பை நீக்கிவிட்டு, மாறிய இட எண்ணை மட்டும் சொல்லும் ‘நோட்டிஃபை ஐட்டம் சேஞ்ச்டு’ என்ற ஒற்றை அறிவிப்பைப் போட்டேன். மற்ற எட்டு வரிகளும் அசையவில்லை. ஆனால் மாறிய அந்த ஒரு வரி மட்டும் இன்னும் சிமிட்டியது. இதற்குக் காரணம் வேறு. ஒற்றை அறிவிப்பு வரும்போது, பழைய வரியை மங்கச் செய்து அதன் இடத்தில் புதிய வரியை எழச் செய்யும் அசைவூட்டத்தை ரீசைக்ளர்வியூ தானாகவே செய்கிறது. இயல்பாக அதற்கு 250 மில்லி விநாடி. ஒன்று மங்கும்போது மற்றொன்று எழ வேண்டுமானால் ஒரே உருப்படிக்கு இரண்டு வரிகள் வேண்டும். ஆகவே இருக்கிற வரியை அது நிரப்புவதில்லை, இன்னொன்றை வரவழைத்து நிரப்புகிறது. அந்த வரியில் தட்டிக்கொண்டிருந்த எண் பெட்டி மறுபடியும் கவனத்தை இழந்துவிடும். இணையத்தில் தேடினால், மாற்ற அசைவூட்டத்தை நிறுத்திவிடு என்ற ஒரு வரி விடை எல்லா இடத்திலும் கிடைக்கும். அது சிமிட்டலை நிறுத்தும். ஆயினும் வரி முழுவதும் மறுபடி நிரப்பப்படும், படமும் சேர்த்து.

உண்மையான விடை, அறிவிப்போடு என்ன மாறியது என்பதையும் சொல்லி அனுப்புவதில் இருக்கிறது. ஒற்றை அறிவிப்பின் இன்னொரு வடிவம் இட எண்ணோடு பேலோடு என்ற ஒன்றையும் ஏற்றுக்கொள்கிறது. அதில் விலை என்ற குறியை வைத்து அனுப்பினால், வரியை நிரப்பும் செயற்கூறின் மூன்றாவது உள்ளீடாக அது வந்து சேரும். விலை எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு வெளியே வந்துவிடலாம். பேலோடு இருக்கிறது என்று தெரிந்தால், இயல்பான அசைவூட்டியும் இரண்டாவது வரியைக் கேட்பதில்லை. இருக்கும் அதே வரியைத் திரும்பப் பயன்படுத்தச் சம்மதிக்கிறது. ஆகவே சிமிட்டலும் போனது, படமும் அசையவில்லை, அந்த வரியின் எண் பெட்டியும் தன் கவனத்தை இழக்கவில்லை. கைபேசிக்கு ஏற்பட்ட வேலை, ஓர் எண்ணை அழித்து இன்னோர் எண்ணை எழுதுவது மட்டுமே. கரும்பலகையில் அவர் ஈரத்துணியால் செய்து வந்த அதே வேலை.

பேலோடில் நான் சறுக்கிய இடங்கள் இரண்டு. முதலாவது, அதில் குறியை வைக்காமல் புதிய விலையையே வைத்து அனுப்பியது. அடுத்தடுத்து இரண்டு மாற்றங்கள் வரும்போது எது கடைசி என்ற குழப்பம் அதனால் வந்தது. எது மாறியது என்பதை மட்டும் பேலோடு சொன்னால் போதும். என்னவாக மாறியது என்பதைத் தரவிடமே கேட்க வேண்டும். இரண்டாவது, வந்த பட்டியலின் முதல் குறியை மட்டும் பார்த்தது. அடுத்த அடுக்குதலுக்கு முன்பு வரும் அறிவிப்புகளை ரீசைக்ளர்வியூ ஒன்றாகச் சேர்த்தே தருகிறது. விலையும் இருப்பும் ஒரே நொடியில் மாறினால் இரண்டு குறிகளும் ஒரே பட்டியலில் வரும். நான் முதலாவதை மட்டும் பார்த்ததால், விலை மாறியது, இருப்பு பழையபடியே நின்றது. ஓணத்துக்கு முந்தைய வாரம் வரை இது எவர் கண்ணிலும் படவில்லை. கேரளத்தில் வாழைக்காய் வறுவலான உப்பேரிக்கு ஏத்தன்காய் கேட்பார்கள் என்பதால் அந்த வாரத்தில் ஏத்தனின் விலையும் இருப்பும் ஒரு காலைக்குள் பல முறை மாறும். முந்நூறு கிலோ இருப்பதாகச் செயலி காட்ட, வண்டியோடு வந்த கடைக்காரருக்கு வெறும் தரைதான் கிடைத்தது.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். பேலோடு நிச்சயமாக வந்து சேரும் என்று நம்பக் கூடாது. மாறிய உருப்படி அப்போது திரையில் இல்லையென்றால், ரீசைக்ளர்வியூ அந்தக் குறியை உதிர்த்துவிடும். பிறகு அந்த வரி திரைக்கு வரும்போது குறிகள் இல்லாத, வெற்றுப் பட்டியலோடு முழு நிரப்புதலே நடக்கும். இது குறையன்று, சரியான ஏற்பாடு. திரையில் இல்லாத வரியில் எதைத் துடைத்து எழுதுவது? ஆனால் முழு நிரப்புதல் செய்யும் செயற்கூறு ஒவ்வொரு புலத்தையும் தவறாமல் எழுத வேண்டும். பேலோடு பார்த்துக்கொள்ளும் என்று எண்ணி அதில் ஒரு புலத்தை விட்டுவிட்டால், திரும்பப் பயன்படுத்தப்பட்ட வரியில் வேறொரு வகையின் பழைய எழுத்து தங்கிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் நாலு நாள் வேலை. என்னை உண்மையாகவே தலைகுனிய வைத்த தவறு, அறிவிப்பில் இல்லை, இட எண்ணில் இருந்தது.

விலை மாற்றப்பட்டதும், அந்த வரியின் இட எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு சேவையகத்துக்கு அனுப்பி, ஏற்றுக்கொண்டேன் என்ற பதில் வந்தவுடன் அதே இட எண்ணில் உள்ள உருப்படியைப் புதுப்பித்தேன். என் வீட்டு வைஃபையில் பதில் உடனே வந்துவிடும். குலசேகரத்துக்கு மேலே, மலையோரத் தோட்டத்தில் நின்று குலை வெட்டும்போதே விலை சொல்லும் அவருடைய மகனுக்குப் பதில் வந்து சேர சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடிக்குள் பட்டியல் மாறிவிட்டது. ஏனென்றால், கடைசியாக மாறியது முதலில் வர வேண்டும் என்று நானே ஒரு வரிசைமுறையை அமைத்திருந்தேன். நான்காம் இடத்தில் ஏத்தன் இருந்தபோது அனுப்பிய விலை, திரும்பி வந்தபோது நான்காம் இடத்தில் இருந்த மட்டியின் மேல் விழுந்தது. மட்டி எங்கள் மாவட்டத்துக்கே உரியது, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். அதன் விலையும் ஏத்தனின் விலையும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. மகனின் கைபேசியில் மட்டும்தான் இந்தப் பிழை தெரிந்தது. ஆனால் அதைப் பார்த்துத்தான் மகன் ஒரு கடைக்காரருக்குத் தொலைபேசியில் விலை சொல்லியிருந்தார். சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு, நட்டத்தை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். பணம் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு, “போட்டும், இனி பாத்துச் செய்யி” என்பதோடு அப்பா முடித்துக்கொண்டார்.

இட எண் என்பது அந்தக் கணத்துக்கு மட்டும் உண்மையான ஒரு முகவரி. பேருந்தில் சன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவர் என்று ஒருவரை நினைவில் வைத்துக்கொள்வதைப் போன்றது, அடுத்த நிறுத்தத்தில் அங்கே வேறொருவர் இருப்பார். ஆகவே, காத்திருக்க வேண்டிய எந்த வேலைக்கும் இட எண்ணைக் கொடுத்து அனுப்புவதை நிறுத்தினேன். ஒவ்வொரு வகைக்கும் மாறாத அடையாள எண் ஒன்று. அதிலிருந்து இப்போதைய இட எண்ணைக் காட்டும் அகரமுதலி போன்ற ஓர் அட்டவணை. பதில் வந்த பிறகு, அந்தக் கணத்தில், திரையைக் கவனிக்கும் முதன்மை இழையில் அந்த அட்டவணையைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தல். அட்டவணையில் அந்த எண்ணே இல்லாவிட்டால், அந்த வகை நீக்கப்பட்டுவிட்டது என்று கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். வரியைத் தொடும்போதும் இதே எச்சரிக்கை தேவை: வரியை நிரப்பிய நேரத்து இட எண்ணைப் பிடித்து வைக்காமல், தொடும் நேரத்தில் வியூஹோல்டரிடமே கேட்க வேண்டும், இடமில்லை என்பதற்கான -1ஐ அது தரக்கூடும் என்பதையும் சோதிக்க வேண்டும்.

வரிசைமுறையையும் கைவிட்டேன். அவருக்கு அது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லையாம்; சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று சொல்லவில்லை. ஏத்தன் மேலே, மட்டி அதற்குக் கீழே என்று கண்ணும் விரலும் பழகிவிட்ட இடங்கள் மாறாமல் இருப்பதே அவருக்கு வேண்டியிருந்தது. நிரல் எழுதுகிறவர்களுக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றும் பல ஏற்பாடுகள், பயன்படுத்துகிறவரின் கைப்பழக்கத்தைக் கலைப்பதாகவே முடிகின்றன; இதை நான் எனக்கு எதிராகவே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த இடத்தில், டிஃப்யூட்டிலைப் பயன்படுத்தியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காதே என்று சிலர் கேட்பார்கள். 2016இல் வந்த அந்தக் கருவி, பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தானே கண்டுபிடித்து, உரிய அறிவிப்புகளைத் தானே அனுப்பும். அதன் அடியில் இருப்பது யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட வழிமுறை. நிரலாளர்கள் கோப்பு வேறுபாட்டைப் பார்க்கும்போது வேலை செய்வதும் அதுவேதான். இரண்டும் ஒரே உருப்படியா என்ற கேள்வியையும், உள்ளடக்கம் ஒன்றா என்ற கேள்வியையும் அது தனித்தனியாகக் கேட்கிறது. முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை வந்தால், என்ன மாறியது என்று பேலோடையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அடையாளம் வேறு, உள்ளடக்கம் வேறு என்ற பிரிவினையை அது நம்மீது திணிக்கிறது. அந்தப் பிரிவினையை நான் முன்பே செய்திருந்தால் மட்டியின் விலை தவறியிருக்காது.

செயலியைத் திறக்கும்போதும், அறுந்த இணைப்பு மீண்டும் கிடைக்கும்போதும், சேவையகம் முழுப் பட்டியலையும் அனுப்புகிறது. அங்கே எது மாறியது என்று எனக்குத் தெரியாது. டிஃப்யூட்டிலை அங்கே பயன்படுத்துகிறேன். ஒற்றை விலை மாற்றம் வரும்போது எது மாறியது என்று எனக்கே தெரியும். தெரிந்ததை மறைத்துவிட்டு, 48 வரிகளையும் ஒப்பிட்டு அதையே கண்டுபிடி என்று ஒரு கருவியிடம் கேட்பதை என் மனம் ஒப்பவில்லை. 48 வரிகளுக்கு அந்தச் செலவு பொருட்படுத்தத் தக்கதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். இது சிக்கனம் பற்றிய வாதத்தைவிட ரசனை பற்றிய வாதம்தான்.

டிஃப்யூட்டில் பக்கம் போகிறவர்கள் ஒரு பள்ளத்தைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். பழைய பொருளிலேயே விலையை மாற்றிவிட்டு, அதே பட்டியலைத் திரும்பக் கொடுத்தால், எதுவும் நடக்காது. பழையதும் புதியதும் ஒரே பொருள் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடே தெரியாது. டிஃப்யூட்டிலைத் தனக்குள்ளேயே கொண்ட லிஸ்ட் அடாப்டரிடம் அதே பட்டியலைக் கொடுத்தால் அது ஒப்பிடக்கூட முயலாமல் திரும்பிவிடும். திரை மாறவில்லையே என்று பதறி, கூடவே முழு அறிவிப்பையும் போட்டுவிடுகிற நிரலை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மாறிய உருப்படிக்குப் புதிய நகல் எடுத்து, அந்த நகலை வைத்த புதிய பட்டியலைக் கொடுப்பதே வழி.

ஐஃபோனில் இதே கதை வேறு பெயர்களில் நடக்கிறது. அங்கே பட்டியலைக் காட்டும் யூஐ டேபிள்வியூவில் குறிப்பிட்ட வரிகளைத் திரும்ப ஏற்றும் அழைப்பு நெடுங்காலமாக உண்டு; அது அந்த இடத்துக்கு வேறொரு வரியை வரவழைக்கும். இருக்கும் வரியையே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் மாற்றும் அழைப்பு 2021இல், ஐஓஎஸ் 15இல்தான் வந்தது. ஆண்ட்ராய்டில் திரைகளை அமைக்கும் புதிய கருவியான ஜெட்பேக் கம்போஸில் அறிவிப்பு என்பதே இல்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு சாவியைக் கொடுத்து, மாறாத பொருள்களாகத் தரவை வைத்திருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். சாவி கொடுக்க மறந்தால் இட எண்ணையே சாவியாக எடுத்துக்கொள்ளும். பிறகு மட்டியும் ஏத்தனும் மறுபடி தங்களுக்குள் இடம் மாறும்.

எல்லாம் சரியான பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு குறை வந்தது. இப்போது விலை மாறுவதே தெரியவில்லை என்றார். முன்பு திரை சிமிட்டினால், ஏதோ மாறியிருக்கிறது என்று பார்ப்பாராம்; இப்போது ஓசையில்லாமல் ஓர் எண் மாறிவிட்டு உட்கார்ந்திருக்கிறது, யார் கவனிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே, பேலோடு வழியாக விலை மாறும்போது அந்த எண்ணின் பின்னணி மட்டும் மஞ்சளாகி, ஒரு விநாடியில் மங்கும்படி செய்தேன். சிமிட்டலை ஒழிக்க அவ்வளவு உழைத்தவன், கடைசியில் ஒரு சிமிட்டலை உட்கார்ந்து எழுதினேன்.

அதிலும் ஒரு சறுக்கல். மஞ்சள் மங்குவதற்குள் அவர் பட்டியலைத் தள்ளிவிட்டால், அந்த வரி திரும்பப் பயன்படுத்தப்பட்டு, விலையே மாறாத செந்துளுவன் மஞ்சளாகத் தெரிந்தது. வரி திரும்பப் பெறப்படும்போதும், முழு நிரப்புதலின் தொடக்கத்திலும் அசைவூட்டத்தை நிறுத்தி, பின்னணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதைச் சேர்த்த பிறகு சரியானது. திரைக்கு வெளியே மாறிய விலைகளுக்கு மஞ்சள் காட்ட வழியில்லை என்பதால், மாறிய நேரத்தைத் தரவிலேயே வைத்து, விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று காட்டினேன். நிமிடத்துக்கு ஒரு முறை எல்லா வரிகளுக்கும் நேரம் என்ற குறியோடு மட்டும் அறிவிப்பு போகிறது.

ஒருவர் விலையைத் தட்டிக்கொண்டிருக்கும் அதே வரிக்கே வெளியிலிருந்து புதிய விலை வந்தால் என்ன செய்வது என்பதற்கு எந்த நூலகத்திலும் விடை இல்லை. தட்டிக்கொண்டிருப்பவரின் எண்ணை அழிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். எண் பெட்டியில் கவனம் இருக்கும் வரை அதைத் தொடாமல், வந்த விலையை அதன் கீழே காட்டுகிறேன். அவர் சேமித்தால் அவருடையது நிற்கும். விட்டு வெளியேறினால் வந்தது நிற்கும். இதைத் தனியாக முடிவு செய்ய எனக்குத் துணிவில்லை. கடையில் எடைபோடும் பையன் ஒரு விலையும் முதலாளி ஒரு விலையும் ஒரே நேரத்தில் சொன்னால் வழக்கத்தில் எது நிற்கும் என்று அவரிடம் கேட்டேன். “நான் சொன்னதாக்கும் நிக்கும்” என்றார். கடையில் அவருடைய கைபேசிக்கு அந்த விதியையே எழுதிவிட்டேன்.

சென்ற வாரம் ஒரு காலையில் மறுபடி போயிருந்தேன். குலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் சாக்கின் மேல் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஏத்தன் வரியில் விலையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் விரலுக்கு மூன்று வரி கீழே பேயன் மஞ்சளாகி மங்கியது. அதற்கு அடுத்து பூங்கதலி. விசைப்பலகை அசையவில்லை. அவரும் நிமிரவில்லை. சேமித்த பிறகு என்னைப் பார்த்து, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று கேட்டார். பெரிதாக்கினால் திரையில் ஒன்பது வரிகளுக்குப் பதில் ஏழுதான் தெரியும் என்றேன். ஏழு போதும் என்றார்.